நாலு டிகிரியில் ஐந்து குழாய்கள்

என் மனைவி இறந்த பிறகு பதினான்கு மாதங்கள் நான் ஒரு ஃப்ரிட்ஜுக்குக் காவல் இருந்தேன். அதில் பால் இல்லை, காய்கறி இல்லை, மாவு இல்லை. நடுத்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் திருகுமூடி போட்ட ஐந்து கண்ணாடிக் குழாய்கள். குழாய்களுக்குள் அவள் ஆறு வருடம் மாரடித்த பாக்டீரியா. அவள் கைபட்டதில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அதைச் சாகவிடக்கூடாது என்பதைத் தவிர அந்த மாதங்களில் எனக்கு வேறு யோசனை இருந்ததாக ஞாபகம் இல்லை.

கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். மாத்திரை கொடுப்பது போக, தடுப்பூசிகளைப் பாதுகாப்பதும் என் பொறுப்பு. இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினாறு வருடமாக இந்த வேலை. பலருக்கு இது சலிப்பு. நாலைந்து நாள் கணக்கை ஒரே மூச்சில் எழுதி முடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. இதை இங்கே பெருமையடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது என் சோம்பலால் நடந்ததில்லை என்று தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

என் மனைவி தன் வேலையை எனக்குப் புரியும்படி சொல்லக் கல்யாணமான புதிதில் ரொம்ப முயற்சி செய்தாள். வங்காள விரிகுடா மேலேதான் வெதுவெதுப்பு, அடியில் போகப்போகத் தண்ணீர் நம் தடுப்பூசிப் பெட்டி மாதிரி ஜில்லென்று இருக்கும் என்றாள். கரையோரம் வளரும் கடற்பாசி அறுந்து, மிதந்து, கடைசியில் அந்தக் குளிருக்குள் போய் விழுகிறது. அங்கே அதைத் தின்பதற்கென்றே சில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை ஒரு நொதியைச் சுரந்து பாசியைக் கரைத்துச் சர்க்கரையாக்கிக் குடிக்கின்றன. மற்ற நொதிகள் குளிரில் கைகட்டி உட்கார்ந்துவிடும். இது குளிரில்தான் சுறுசுறுப்பாக வேலை பார்க்கும். ஆழ்கடல் சேற்றிலிருந்து அப்படி ஒன்றை அவள் பிரித்தெடுத்திருந்தாள். கொதிக்க வைக்காமல், விறகும் கரண்டும் செலவழிக்காமல் கடற்பாசியை உடைக்கலாம் என்பதுதான் அதில் விசேஷம்.

“மளிகைக் கடையில சைனா கிராஸ்னு வாங்குவோம்ல, அதுதாங்க அகர். பாசியைக் காய்ச்சி எடுக்கிறது. எல்லா பாக்டீரியாவையும் அது மேலதான் வளர்ப்போம். மத்ததெல்லாம் அதைப் பாய் மாதிரி விரிச்சுப் படுத்துக்கும். என்னோடது பாயையே தின்னுடும்” என்றாள்.

நான் சிரித்தேன். அவள் ஆராய்ச்சியில் எனக்கு நன்றாகப் புரிந்த ஒரே விஷயம் அது. புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் பாக்கி. முதல் சிகிச்சைக்காக மருத்துவமனையில் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்றார்கள். கிளம்பிய அன்று காலை ஆட்டோவில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். பக்கத்து வீட்டு இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தீருவதற்கு முன்பே வாங்கி அனுப்ப வேண்டும். “அப்புறம் என் குழாய். நாலு டிகிரியிலயே இருக்கட்டும். கதவைச் சும்மா சும்மா திறக்காதீங்க. அது உங்களுக்குச் சொல்லணுமா என்ன, நீங்கதான் டிகிரிக்காரராச்சே” என்றாள். வீட்டில் எனக்கு அவள் வைத்த பட்டப்பெயர் அது. நான் சரி, சரி என்று தலையாட்டினேன்.

பத்தொன்பதாம் நாள் நுரையீரலில் தொற்று. இருபத்து மூன்றாம் நாள் அவள் இல்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டு நிம்மதியாகப் போயிருக்கிறாள் என்றார்கள். ஆட்டோவில் சொன்னதை நானே நாலு பேரிடம் சொல்லியிருந்தேன், அதை வைத்துத்தான் இந்தப் பேச்சு. இட்லிப் பானை வரைக்கும் சொல்லிட்டுப் போயிருக்கா பாருங்க என்று என் மாமியார்கூடச் சொன்னார். மற்ற ஆறுதல்கள் எனக்கு எரிச்சல் மூட்டின. கடவுள் சோதிக்கிறார் என்று சொன்ன ஒருவரை வாசலைக் காட்டி அனுப்பினேன். இது ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்; மருத்துவமனையில் அவள் பக்கத்தில் இருந்தபோதே எனக்கும் அப்படித் தோன்றியிருந்தது. அவள் தெரிந்துதான் போனாள், பயப்படாமல் போனாள் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றேன்.

நான் அழவில்லை. அழுகையை அடக்கவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது. நாமே கடித்துக்கொண்டாலும் தெரியாது.

மூன்றாவது மாதம் பணிமாறுதல் கலந்தாய்வில் கொல்லிமலையைக் கேட்டு வாங்கினேன். மலைக்கு வர யாருக்கும் விருப்பம் கிடையாது, உடனே கிடைத்தது. மனசு விட்டுப்போய் மேலே போகிறான் என்று கூட வேலை பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். காரணம் அதுவல்ல. கீழே சித்திரை வெயிலில் கரண்ட் போனால் இரண்டு மணி நேரத்தில் வீட்டு ஃப்ரிட்ஜ் பன்னிரண்டு டிகிரி காட்டியது. மலையில் அந்தக் கவலை குறைவு. ஃப்ரிட்ஜை வேனில் அனுப்பிவிட்டு, ஐஸ் பை வைத்த தெர்மாகோல் பெட்டியில் குழாய்களை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். நான் பெட்டியை மட்டம் தப்பாமல் பிடித்திருந்தேன். மீனுங்களா என்று கண்டக்டர் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வாடகைக்கு வீடு கொடுத்த அம்மா திண்ணனூர் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்; கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார்கள். அவர் வீடும் என் வீடும் ஒரே களத்தைப் பார்த்தபடி இருந்தன. ஃப்ரிட்ஜ் இறங்கிய அன்றே அவருக்குச் சந்தேகம்.

“ஏனுங்க சார், இங்க அடிக்கிற குளுருக்கு ஊடே ஐஸ் பொட்டியாட்டம் இருக்குது. இது எதுக்குங்க?”

“என் வீட்டுக்காரம்மாவோட சாமான் இருக்குங்க. ஆராய்ச்சி பண்றது.”

“அவுங்க எப்ப வாராங்க?”

“வேலை முடியல” என்றேன். பொய்தான். மறுபடியும் ஒருவருக்கு முதலிலிருந்து சொல்லும் தெம்பு இல்லை. அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது அவர் கேட்பார். பலாப்பழம் அறுத்தால், அம்மிணி வந்தா குடுக்கலாம்னு பார்த்தேனுங்க என்பார். வேலை முடியல என்பதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்து வெப்பமானியைப் பார்ப்பேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். பழக்க தோஷத்தில் கையெழுத்தும் போட்டேன். வோல்டேஜ் குறைந்தால் ஸ்டெபிலைசர் கிர்ரென்று கத்தும். கரண்ட் போனால் ஐஸ் பைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி மேலே போர்வை போர்த்துவேன். மூன்று நாள் விடாத மழையில் லைன் அறுந்தபோது எடப்புளி நாட்டில் தடுப்பூசி முகாமை முடித்துவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் வந்து பார்த்தேன். ஏழு டிகிரி. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சரியாக இருக்கிறது என்று தோன்றியது. அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த பெரிய உணர்ச்சி அதுதான்.

மலைக்கு வந்த இரண்டாவது மாதம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். குழாய்களில் சாய்வாகப் படிந்திருந்த ஜெல்லியில் குழி விழுந்திருந்தது. பிறகு குழி பெரிதானது. அடுத்த மாதங்களில் ஜெல்லி சுருங்கி, அடியில் கலங்கல் தண்ணீராக நின்றது. உறைந்து பிறகு உருகியிருக்குமோ என்று எனக்குப் பயம். சில தடுப்பூசிகள் ஒரு தடவை உறைந்தால் கெட்டுப்போகும். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒரு சோதனை செய்வோம். குப்பியைக் குலுக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வண்டல் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்க்க வேண்டும். கெட்டுப்போனதில் சீக்கிரம் படியும். அவள் குழாய் ஒன்றை எடுத்து அப்படியே குலுக்கினேன். ஜன்னலுக்கு நேராகப் பிடித்து அரை மணி நேரம் பார்த்தேன். வண்டல் படியவில்லை. உறையவில்லை, நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதி, அதற்கும் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தால் என்னை நானே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.

பதினான்காவது மாதம் ஒரு பெண் போன் செய்தாள். என் மனைவிக்கு ஜூனியராக அதே ஆய்வகத்தில் சேர்ந்தவள். வீட்டுக்கு இரண்டு தடவை வந்து சாப்பிட்டிருக்கிறாள்.

“அண்ணா, எங்க டீப் ஃப்ரீசர் லீவு நாள்ல நின்னுபோச்சு. அக்காவோட ஸ்டாக் மொத்தமும் போச்சு. அந்த நொதியோட வேலையை முடிச்சு அக்கா பேர்ல வெளியிடணும்னு கைடு சார் சொல்றாரு. வீட்டுல ஒரு செட் வச்சிருக்கேன்னு அக்கா சொல்வாங்க. இருக்குதா அண்ணா?”

“இருக்கு” என்றேன். “நாலு டிகிரியில.”

அப்படிச் சொன்னபோது என் குரலில் கர்வம் இருந்தது எனக்கே கேட்டது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்றை நான் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறேன். இனி அவள் பேரில் அது வெளியே போகும். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அன்று வீட்டைப் பெருக்கித் துடைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அந்தப் பெண் வந்தாள். வீட்டுக்கார அம்மா களத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். உறவுக்காரப் பெண்ணா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள், “இல்லீங்கம்மா, அக்காகூட வேலை பார்த்தவ. அக்கா இறந்த பிறகு இப்பத்தான் அண்ணாவைப் பார்க்க வரேன்” என்று சொல்லிவிட்டாள்.

அந்த அம்மா மிளகை அள்ளிய கையோடு நின்றார். என்னைப் பார்த்தார். “ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா சார்? எப்ப வாராங்க, எப்ப வாராங்கன்னு நானு உங்க உசுரை எடுத்துட்டு இருந்தனே” என்றார். உள்ளே போய் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

டப்பாவை மேஜைமேல் வைத்தேன். நோட்டையும் பக்கத்தில் வைத்தேன். அவள் ஒரு குழாயை எடுத்துச் சாய்த்தாள். கலங்கல் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. அடுத்ததைச் சாய்த்தாள். ஐந்தும் அப்படித்தான் இருந்தன.

“உறையல” என்றேன். “குலுக்கிப் பார்த்துட்டேன். மலைக்கு வந்த பிறகு எட்டைத் தாண்டவே இல்ல. நோட்டுல இருக்கு பாரு.”

அவள் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு மெதுவாக, “இது குளிர்ல தூங்காது அண்ணா” என்றாள். “குளிர்தான் இதுக்கு வசதி. நாலு டிகிரியில கொஞ்சம் மெதுவாச் சாப்பிடும், ஆனா நிறுத்தாது. அகரை முழுசும் தின்னு முடிச்சிருக்கு.”

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்தக் குழாய்கள் வீட்டுக்கு வந்த கதையே இதுதான். ஆய்வகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஃப்ரிட்ஜில் ஒரு தடவை என் மனைவியின் அகர்த் தட்டு கசிந்து, கீழ் அடுக்கில் இருந்த மற்றவர்களின் தட்டுகளையெல்லாம் ஓட்டை போட்டுவிட்டது. மற்ற பாக்டீரியா எல்லாம் குளிரில் அசையாமல் கிடக்க, இது மட்டும் விடிய விடிய ஊரான் வீட்டுப் பாயைத் தின்றிருக்கிறது. உன் பிசாசை எடுத்துக்கொண்டு போ என்று சண்டை பிடித்தார்கள். அவள் அதை வந்து சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்தவனுக்கு உறைக்கவில்லை. குளிர் என்றால் பத்திரம் என்று பதினாறு வருடமாக என் கை பழகியிருந்தது. தடுப்பூசியை வைத்த மாதிரியே அதையும் வைத்தேன். எங்கள் வேலையில் இருக்கிற ஒருவனுக்குத்தான் இந்தத் தப்பைச் செய்ய இவ்வளவு ஒழுங்கு வரும்.

“உயிர் இருக்குமா?” என்று கேட்டேன்.

“தெரியலண்ணா. தின்ன ஒண்ணும் இல்லாம எத்தனை மாசம் இருந்துச்சோ. புது அகர்ல விட்டு மூணு வாரம் பார்க்கிறோம். ஒரே ஒரு செல் பிழைச்சிருந்தாக்கூடப் போதும்.”

மதியப் பஸ்ஸில் அவள் டப்பாவோடு மலை இறங்கிப் போனாள். மாலை ஏழு மணிக்கு நான் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். காலித் தட்டுகள். வெப்பமானி நாலு காட்டியது.

அந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேலைக்குப் போனேன், குண்டனி நாட்டுப் பக்கம் இரண்டு முகாம் பார்த்தேன், மாத்திரை கொடுத்தேன். ஒரு செல், ஒரே ஒரு செல் என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பிரார்த்தனை செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் குளிக்கும்போது, சட்டை மாட்டும்போது, அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன் வந்தது ஒரு புதன்கிழமை காலை. புதன் எங்களுக்குத் தடுப்பூசி நாள். வெளியே பெஞ்சில் ஏழெட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் மருந்து அறையில் இருந்தேன்.

“அண்ணா, வரலைண்ணா” என்றாள். “அஞ்சுலயும் எதுவும் வரலை. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டோம்.”

“சரிம்மா.”

“நீங்க மனசுல வச்சுக்காதீங்க.”

“நான்தானே கொன்னுட்டேன்” என்றேன். செய்தி வாசிக்கிற மாதிரிதான் சொன்னேன். அப்போதும் உள்ளே எதுவும் அசையவில்லை.

“இல்லண்ணா. டிகிரி எல்லாம் நீங்க வச்சது கரெக்ட். மாசம் ஒரு தடவை ஊசி முனையால பாக்டீரியாவைத் தொட்டெடுத்து, புது அகர் போட்ட குழாய்க்கு மாத்தணும், அவ்வளவுதான் விஷயம். அதை உங்ககிட்ட அக்கா சொல்லியிருக்க மாட்டாங்க.”

“சொல்லல.”

“சொல்ல மாட்டாங்கண்ணா. ஊருக்குப் போனாலும் எங்ககிட்டயும் அப்படித்தான். நாலுல வைங்க, கதவைத் திறக்காதீங்க, அவ்வளவுதான் சொல்வாங்க. மாத்துறதை யாரையும் தொட விடமாட்டாங்க. ஒரு மாசத்துக்குள்ள தானே வந்து மாத்திக்குவாங்க.”

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

ஒரு மாதம். மருத்துவமனையில் ஒரு மாதம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆறு வருட உழைப்பு அந்த ஐந்து குழாய்களில் இருந்தது. சாகப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், எனக்கு ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறியிருப்பாள். கறிவேப்பிலைச் செடி, இட்லிப் பானை, அம்மா மாத்திரை, எல்லாமே ஒரு மாதத்துக்கான ஏற்பாடு. ஊருக்குக் கிளம்புகிறவள் சொல்வது. அதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுடைய கடைசிப் பேச்சாக்கி, நிம்மதியாகப் போனாள் என்று சொல்லி, எங்கள் நிம்மதியைத் தேடிக்கொண்டோம். அவள் தெரிந்து போகவில்லை. திரும்பி வருகிறேன் என்று போனாள். இருபத்து மூன்று நாளும் வந்துவிடலாம் என்றே படுத்திருந்தாள்.

நர்ஸம்மா கதவருகே வந்து, “சார், ஊசி மருந்து எடுத்துக் குடுங்க, புள்ளைங்க அழுவுதுங்க” என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார். வெளியே முதல் பிள்ளை வீறிட்டது. எனக்கு வலித்தது. அவள் பயந்திருப்பாள். அந்தக் கடைசி நாட்களில் மூச்சு வாங்கியபடி அவள் என் கையை இறுக்கிப் பிடித்தபோதெல்லாம், இவள் மனசைத் தயார் பண்ணிக்கொண்டவள் என்று நினைத்து, நான் ஒரு தடவைகூட, “பயமா இருக்கா?” என்று கேட்கவில்லை.